பட்டு வேணாந் தம்பி

மருதையாத்துல ரயிலு விழுந்துச்சே, அந்த வருசம். நம்ம வயசு ஆளுவளுக்கு அதச் சொன்னாப் போதும், வேற கணக்கு வேணாம். அப்ப மழ எப்புடிப் பேஞ்சுச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஐப்பசி பொறந்தப்பப் புடிச்சது, வுடவே இல்ல. வெறவு பூரா ஈரம். ஊதி ஊதி எங்க தாய்மாமன் பொண்டாட்டிக்குக் கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கும். கஞ்சியில பொகை நாத்தம் அடிக்கும். செவுத்துல கைய வச்சா செவுரே மாவு மாதிரி உதுரும்.

நாங்க சிறுவாச்சூருப் பக்கத்து ஆளுங்க. எங்கப்பாவுக்குக் கரிசக் காட்டுல பருத்தி. ஆனா அந்த மழையில நான் இருந்தது அரியலூருப் பக்கம், மருதையாத்தங்கரையில எங்க தாய்மாமன் வூட்டுல. எங்கம்மா என் தங்கச்சிய உண்டாயிருந்துச்சு. பேறுகாலத்துக்குப் பொறந்த வூட்டுக்கு வந்துச்சு, என்னையும் இழுத்துக்கிட்டு வந்துருச்சு. அங்கன எங்கப்பா வரமாட்டாரு. வாசப்படி மிதிக்க மாட்டாரு. ஏன்னா அதே ஊருலதான் எங்கத்தையக் கட்டிக் குடுத்திருந்தாங்க. எங்கப்பாவுக்கு நேர் மூத்த அக்கா. அக்காளும் தம்பியும் மொகத்துல முழிச்சு அப்பவே இருவது வருசத்துக்கு மேல ஆச்சு.

அந்த ஊருல அத்தைக்குப் பேரு செயிலுக்காரி. சின்னப் புள்ளைவகூட அப்புடித்தான் சொல்லும். "டேய், செயிலுக்காரி வருது டோய்." அத்த திரும்பிப் பாத்துச் சிரிக்கும். முன்பல்லு ஒண்ணு இருக்காது. அது எங்க போச்சுன்னு பின்னால சொல்றேன்.

ஆளு நல்ல ஒசரம். கட்டறது வெள்ளக் கதரு. முரட்டுத் துணி, தொவைக்கத் தொவைக்கத்தான் ஒடம்புல படியும். அந்த ஊருக்கு அதான் பெரிய எரிச்சலு. புருசன் கல்லு மாதிரி உக்காந்திருக்கான், இவ வெள்ளையக் கட்டிக்கிட்டுத் திரியிறாளேன்னு. கல்லங்குறிச்சிப் பெருமாளு கோயிலுக்குப் போற பொம்பளைங்க காலையில அத்தைய எதுர்ல பாத்துட்டா, வூட்டுக்குத் திரும்பிப் போயித் தண்ணி குடிச்சிட்டுத்தான் வருவாங்க.

அத்த கையில எப்பவும் ஒரு தக்கிளி சுத்திக்கிட்டிருக்கும். இப்ப யாருக்குத் தெரியும் தக்கிளி? ஒரு குச்சி, அடியில பித்தளைத் தட்டு. நடந்துக்கிட்டே நூக்கும், பேசிக்கிட்டே நூக்கும். வெரலுக்கு நடுவுல நூலு வர்றதப் பாத்தா, ஆளுக்குள்ளேருந்து எதையோ உருவுற மாதிரி இருக்கும். வாயி பாட்டுக்குப் பாடும். அந்தப் பாட்டெல்லாம் வேற எவரும் கட்டுனதில்ல. அதுவே கட்டுனது. காயிதத்துல எழுதாது. எழுதத் தெரியும், செயில்ல கத்துக்கிச்சு. "எழுதுனா போலீசு எடுத்துக்கிட்டுப் போயிடுவான் மருமவனே, நெஞ்சுக்குள்ள வச்சா அவனால சோதன போட முடியாது"ன்னு சொல்லும். வெள்ளக்காரன் போயி எத்தினியோ வருசம் ஆச்சு, அப்பவும் அந்தப் பழக்கம் வுடல.

அத்த இருந்த எடம் மாட்டுக் கொட்டாயிக்கு ஒட்டுனாப்புல ஒரு சாய்ப்பு. அது செயிலுக்குப் போனப்பவே அத்தவூட்டு மாமா வேற கலியாணம் பண்ணிக்கிட்டாரு. திரும்பி வந்து வாசல்ல நின்னப்ப உள்ள எடமில்ல. செயில்ல எவ எவ கையாலயோ தின்னவ, அடுப்பத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. சாய்ப்பக் காட்டுனாங்க. அங்கனயே இருந்துக்கிச்சு. நான் போறப்பல்லாம் கோமிய நாத்தமும் நொச்சித்தழ வாசனையும் கலந்து அடிக்கும். இன்னிக்கும் நொச்சியக் கசக்குனா எனக்கு அந்தச் சாய்ப்புதான் வருது.

எங்க ஊருப் பக்கம் மண்ணத் தோண்டுனா கல்லு நத்தை வரும், உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்துல கடலா இருந்துச்சாம். இப்ப சுண்ணாம்புக்கல்லு வெட்டி வெட்டிப் பாதாளமாக் கெடக்கு. நானே அந்தக் கல்லு லாரியில ஏத்தித்தான் முதுகு போயி உக்காந்திருக்கேன். அப்ப அத்த ஒரு நத்தையப் பொறுக்கிக் குடுத்துச்சு. உள்ளங்கை அளவு, சுருட்டிச் சுருட்டி. "பாரு மருமவனே, உசுரு போயிருச்சு, சுருளு போவல பாரு"ன்னுச்சு. ரொம்ப நாளு வச்சிருந்தேன். வூடு மாத்தறப்ப எங்கயோ போயிருச்சு.

பல்லு கதை சொல்லணும்ல. வெள்ளக்காரன் காலத்துல அரியலூருக் கடத்தெருவுல சீமத் துணியக் குவிச்சுப் போட்டு எரிச்சாங்களாம். அத்த அப்பக் கலியாணம் ஆன புதுசு. ஆடிக்கு எங்கூட்டுக்கு வந்திருந்தது, அங்கேருந்து கூட்டத்தோட நடந்து போயி, தன் கூறைச்சேலைய அவுத்து நெருப்புல போட்டுட்டு, கதரச் சுத்திக்கிட்டு வந்துச்சாம். அதுக்கப்பறம் கள்ளுக்கடை வாசல்ல உக்காந்து பாடுச்சு. எங்கம்மா அந்தப் பாட்ட மாவு அரைக்கையில முணுமுணுக்கும்.

*கள்ளுப் பானை நெறையுது – எங்க
கஞ்சிப் பானை காயுது
வெள்ளக்காரன் கப்பலுக்கு
வெளஞ்சதெல்லாம் போவுது*

இவ்வளவுதான் பாட்டு. இதுக்குப் போயி ஒரு போலீசு வாயிலயே அடிச்சான். பல்லு அங்கனயே வுழுந்துருச்சு. அப்பறம் வேலூரு செயிலு.

அதோட போயிருந்தா எங்கப்பாவுக்குக் கோவம் இல்ல. மறுநாளு போலீசு எங்கூட்டுக்கு வந்துச்சு. "பாட்டுக் கட்டிக் குடுத்தது யாரு?"ன்னு எங்க தாத்தாவப் புடிச்சுக்கிட்டாங்க. அத்தையோட அப்பா. ஒரு பொம்பள தானாப் பாட்டுக் கட்டுவான்னு அவனுங்க நம்பல. சாவடியில வச்சு அடிச்சாங்க. தாத்தா "எம்மவதான் கட்டுனா, எம்மவதான் கட்டுனா"ன்னு சொன்னாராம். அத நம்பாம மறுபடி அடிச்சாங்க. வூட்டுக்குக் கொண்டாந்து போட்டப்பறம் எந்திரிக்கவே இல்ல. எங்கப்பா அப்ப மீசை மொளைக்காத புள்ள, தனியா நின்னு கொள்ளி வச்சாரு. செயிலுக்குச் சேதி போவல. அத்தைக்குத் தெரியுறதுக்குள்ள சாம்பலே ஆத்தோட போயிருச்சு.

"எங்கப்பனக் கொன்னது அவ பாட்டு"ன்னு சொல்லுவாரு எங்கப்பா. "வாய்க்கரிசி போடக்கூட வரல. நான் மட்டும் அவளுக்குக் கோடி போடணுமா?"

கோடின்னா உங்களுக்குச் சொல்ல வேணாம், இருந்தாலும் கூட உக்காந்து கேக்குற சின்னதுவளுக்காகச் சொல்றேன். கட்டிக் குடுத்த பொம்பள செத்தா, பொறந்த வூட்டுலேருந்து ஒரு புதுச்சேலை வரணும். அண்ணன் தம்பி கையால வரணும். அது மேல வுழாமப் பாடையத் தூக்க மாட்டாங்க. எத்தன வூட்டுல பொணம் நாறுற வரைக்கும் கோடிக்காகக் காத்துக் கெடந்திருக்கு. அது வரலன்னா அவ நாதியத்தவ. எல்லாஞ் செத்த பெறவும் அந்தப் பேரு மட்டும் இருக்கும்.

அத்தைக்கு அது தெரியும். தம்பி வரமாட்டான்னும் தெரியும். அதுக்கு ஒரு வழி பண்ணி வச்சிருந்துச்சு. எங்கம்மா ஒவ்வொரு தடவையும் பொறந்த வூட்டுக்கு வர்றப்ப, எங்கப்பாவுக்குத் தெரியாம எங்க கொல்லைப் பருத்திய ஒரு மூட்டை கட்டி எடுத்தாரும். அத்த கொட்டை எடுத்துக் கொட்டி நூத்து, செயங்கொண்டத்துப் பக்கம் ஒரு தறிக்காரருகிட்ட குடுத்து ஒரு சேலையா நெய்யச் சொல்லி வாங்கி வச்சிருந்துச்சு. மண்பானையில நொச்சித்தழ போட்டு, அதுக்குள்ள மடிச்சு வச்சிருந்துச்சு. ஒருநா எங்கிட்ட எடுத்துக் காட்டுச்சு.

"இது என்னாடா மருமவனே?"

"சேலை."

"சேலை இல்ல. உங்கூட்டுப் பருத்தி. உங்கப்பன் வரலன்னாலும் உங்கப்பங் காடு வரும்ல?"

எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. தொட்டுப் பாத்தேன். கரடா இருந்துச்சு. பசங்க தலைய மொட்ட அடிச்சு நாலு நாளானா எப்புடி இருக்கும், அப்புடி.

கார்த்திகை மாசம். எங்கம்மாவுக்குப் பொட்டப்புள்ள பொறந்து கொஞ்ச நாளுதான் இருக்கும். விடியக்காலம் ஒரு சத்தம். இடின்னு நெனச்சோம். இடின்னா உருண்டு ஓயணும்ல, இது ஓயாம இரும்பு கிழியிற மாதிரி இழுத்துச்சு. அப்பறம் ஊளை. ஆத்துத் தண்ணி ஊளையா மனுசங்க ஊளையான்னு தெரியல. எல்லாரும் ஓடுனாங்க. புள்ளைவளையும் யாரும் புடிச்சு நிறுத்தல, நாங்களும் ஓடுனோம்.

அங்கன பாத்தத நான் முழுக்கச் சொல்லப் போறதில்ல. பாத்தவங்க உங்கள்லயும் இருக்கீங்க. பெட்டி தண்ணிக்குள்ள தலகீழாக் கெடந்துச்சு. எங்க தாய்மாமனும் இன்னும் பல ஆம்பளைங்களும் கவுத்தக் கட்டிக்கிட்டு எறங்குனாங்க. எடுத்து எடுத்துக் கரையில போட்டாங்க. செல பேருக்கு உசுரு இருந்துச்சு. பல பேருக்கு இல்ல. ஒரு பெட்டி நெறையா வெத்தலக் கட்டு மெதந்து வந்துச்சு, பச்சப்பசேர்னு. எனக்கு இன்னிக்கும் வெத்தல போடப் புடிக்காது.

அத்த அங்கதான் இருந்துச்சு. அன்னிக்கும் இருந்துச்சு, அடுத்தடுத்த நாளும் இருந்துச்சு. இடுப்பளவு தண்ணியில நிக்கும், கரைக்கு வரும், வாயில சேறு போனவங்களத் திருப்பிப் போட்டுத் தட்டும். உசுரு இருக்கவங்களுக்குத் தன் மாத்துச்சேலையக் கிழிச்சுக் கட்டுப் போட்டுச்சு. அது தீந்து போச்சு.

ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ, ஒரு பொம்பளைய எடுத்தாங்க. தண்ணி அவ துணியெல்லாம் உருவிக்கிட்டுப் போயிருந்துச்சு. கையில மட்டும் கண்ணாடி வளையலு ஒடையாம இருந்துச்சு. ஆம்பளைங்கல்லாம் மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. ஒரு சாக்கு இல்லையான்னு தேடுறாங்க. அத்த விறுவிறுன்னு ஊருக்குள்ள போச்சு. திரும்பி வர்றப்ப கையில அந்தச் சேலை. நொச்சித்தழ ஒண்ணு ரெண்டு அதுல ஒட்டிக்கிட்டிருந்துச்சு. விரிச்சு அவ மேல போத்துச்சு. காலுப்பக்கம் சொருவி வுட்டுச்சு. போத்திட்டுத் தலமாட்டுல உக்காந்து, மாருல அடிச்சுக்கிட்டு ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சுச்சு.

பக்கத்துல நின்ன ஒரு பெருசு கேட்டாரு. "ஏ செயிலுக்காரி, யாரு என்னன்னு தெரியாத பொணம். எந்த சனமோ. நீ என்ன மொறையில கோடி போட்டு ஒப்பாரி வைக்கிற?"

அத்த தல நிமிரல. "நான் இவளுக்குப் பொறந்த வூடு."

"அப்ப உனக்கு?"

அத்த அந்தச் சேலையில ஒட்டியிருந்த நொச்சித்தழைய எடுத்துப் போட்டுச்சு.

அப்பறம் அத்தைக்குக் குளுரு சொரம் வந்துச்சு. சாய்ப்புல படுத்தது எந்திரிக்கல. அத்தவூட்டு மாமாவோட ரெண்டாம் பொண்டாட்டிய நாங்க சின்னவன்னு சொல்லுவோம். அது கஞ்சியக் கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போயிடும். குத்தம் சொல்ல மாட்டேன். அதுக்கும் நாலஞ்சு புள்ள. சொரம் தொத்திக்கும்னு பயம்.

எங்கம்மா பச்ச ஒடம்பு. தீட்டு கழியல. வெளிய வரக்கூடாது. ஆனாலும் தலையில ஒரு கோணியப் போட்டுக்கிட்டு, கைப்புள்ளைய மாருல கட்டிக்கிட்டு, என் கையப் புடிச்சுக்கிட்டு மழையில போச்சு. அத்த கண்ணு கிட்டங்கிட்ட மூடியே இருந்துச்சு. கொட்டாயில மாடு அசபோடுற சத்தம் மட்டும் கேக்குது.

"அண்ணி," ன்னுச்சு எங்கம்மா. "அண்ணி, நான் வந்திருக்கேன்."

அத்த கைய நீட்டி அம்மா கையப் புடிச்சுக்கிச்சு. "தாயி, சேலை போயிருச்சு."

"தெரியும். எங்கண்ணன் சொன்னாரு."

"ஒண்ணே ஒண்ணு. உம் புருசங்கிட்ட சொல்லு. வரச்சொல்லு. வந்தா, கதருதான் கொண்டாரணும். வேற எதும் என் மேல வுழக்கூடாது. முழம் கொறஞ்சாலும் பரவால்ல. கிழிசலா இருந்தாலும் பரவால்ல."

"சொல்றேன் அண்ணி. எந்திரிச்சுருவீங்க, ஏன் இப்பவே."

"அவங்கிட்ட கெஞ்சிக் கேட்டேன்னு சொல்லு. நான் போலீசுகிட்டகூடக் கெஞ்சுனதில்லன்னும் சொல்லு."

அப்புடிச் சொல்லிட்டு சிரிச்சுச்சு. அந்தப் பல்லு இல்லாத எடம் கறுப்பாத் தெரிஞ்சுச்சு. அப்பறம் சொரத்துல பாட ஆரம்பிச்சுருச்சு. அது அப்பக் கட்டுன பாட்டு. முன்ன கேட்டதில்ல. ஒரு அடி சொல்லும், மூச்சு வாங்கும், மறுபடி மொதல்லேருந்து வரும். அடுத்தடுத்த நாளெல்லாம் அதேதான். நடவுக்குப் போற பொம்பளைங்க சாய்ப்போரம் நின்னு கேட்டுட்டுப் போவாங்க.

*ஆறு இன்னும் வத்தலியோ – எங்கப்பன் வூட்டு
ஆளு வர வழியிலியோ
பட்டு வேணாந் தம்பி – நம்ம
பருத்திக்காட்டு நூலு போதும்
சுட்டெரிச்ச சீமத் துணி – என்னச்
சுத்தி வரக் கூடாது*

எங்க தாய்மாமன் போயி எங்கப்பாகிட்ட ஒருவாட்டி சொன்னாரு. "அக்காளுக்கு முடியல மாப்ள, வந்து பாரு." எங்கப்பா வரல. பருத்தி நனைஞ்சு போச்சு, அதப் பாக்கணும்னாராம். கதருக் கோடியப் பத்தியும் தாய்மாமன் சொல்லிட்டுத்தான் வந்தாரு.

மார்கழி பொறக்கல. ஒருநா காலையில பால் கறக்க வந்த சின்னவ, சத்தம் இல்லையேன்னு எட்டிப் பாத்துச்சு. போயிருச்சு. தக்கிளி கைக்குள்ளயே இருந்துச்சாம். அத யாரு எடுத்தாங்களோ தெரியல.

தாய்மாமன் சைக்கிள எடுத்துக்கிட்டு சேதி சொல்லப் போனாரு. நாங்கல்லாம் எங்கப்பா வருவாரா மாட்டாரான்னு ரோட்டயே பாத்துக்கிட்டிருந்தோம். ஊரே பாத்துச்சு. "செயிலுக்காரிக்குக் கோடி வராது, பாரேன்"னு ஒருத்தரு சொல்றாரு. "சின்னவ சேலைல ஒண்ணப் போட்டு எடுத்துருவோம்"னு இன்னொருத்தரு. பாடை கட்டி முடிச்சுத் தென்ன ஓலை மேல மழ சொட்டுது. பறையடிக்கிறவங்க தப்ப நெருப்புல காட்டிக் காட்டிப் பாக்குறாங்க, ஈரத்துக்கு அது காயவே மாட்டேங்குது.

மத்தியானம் தாண்டி எங்கப்பா வந்தாரு, கூடத் தாய்மாமனும். அரியலூரு எறங்கிக் கடைக்குப் போயிட்டு, அங்கேருந்து நடந்தே வந்திருக்காரு. காலெல்லாம் சேறு. தோள்ல ஒரு பொட்டலம், நனையக் கூடாதுன்னு தன் சட்டையக் கழட்டி அது மேல சுத்தி, வெத்து ஒடம்போட வந்தாரு. அவ்வளவு பத்திரமாக் கொண்டாந்தாரு.

எங்கம்மா தாய்மாமன் வூட்டு வாசல்லயே மறிச்சுக்கிச்சு. "என்னங்க அது?"

"கோடி."

"கதருதான?"

எங்கப்பா பிரிச்சுக் காட்டுனாரு. செவப்புல சரிகை போட்ட சேலை. சிங்கப்பூருப் பட்டுன்னு அப்பச் சொல்லுவாங்க, கப்பல்ல வர்றது. தொட்டா வழுக்கும், பாம்பு மாதிரி. அந்த ஊருல எவளும் கட்டுனதில்ல.

"அய்யோ, கதருன்னுதான கேட்டாங்க. என் கையப் புடிச்சுக் கெஞ்சுனாங்களே. அண்ணன் உங்ககிட்ட சொல்லலியா?"

"சொன்னேன் தாயி," ன்னாரு தாய்மாமன். "மொதல்லயும் சொன்னேன். இன்னிக்குக் கடையில நின்னும் சொன்னேன்."

"சொன்னாரு. எனக்கென்ன காதா கேக்காது?" ன்னாரு எங்கப்பா. "தாலி தொங்கத் தொங்கப் போறவளுக்கு எவனாவது வெள்ளையக் கொண்டாந்து போடுவானா? இத்தினி வருசமா அக்காளுக்கு ஒரு பொங்கச்சீரு வைக்காத பய, செத்ததுக்கும் சாக்குத் துணியத் தூக்கிட்டு வந்தான்னு இந்த ஊரு பேசும். நீயா பதிலு சொல்லுவ?"

"ஊருக்கா கோடி கொண்டாந்தீங்க?"

"பேசாத."

"நம்ம கொல்லையில வெடிச்சுக் கெடக்குறதத்தான கேட்டாங்க."

"ஏ புள்ள, வாய மூடு. வழிய வுடு."

எங்கப்பா கெட்டவரு இல்ல. நீங்க அப்புடி நெனச்சுக்கக் கூடாது. தன் காதுல கெடந்த கடுக்கனக் கழட்டிப் போட்டுட்டுத்தான் அந்தச் சேலைய வாங்கியிருந்தாரு. காதுல ஓட்டை மட்டும் இருந்துச்சு, நான் பாத்தேன். அவுருக்குத் தெரிஞ்ச பெரிய மரியாத அதுதான்.

எழவு வூட்டுல நொழைஞ்ச ஒடனே ஊரே கூடிருச்சு. பொட்டலத்தப் பிரிச்சதும் பொம்பளைங்க "ஆத்தாடி"ங்கிறாங்க. அத்தவூட்டு மாமா கிட்ட வந்து முந்தானைய ரெண்டு வெரலால தேச்சுப் பாத்துட்டு, "எந்தக் கடையில மச்சான் எடுத்த?"ங்கிறாரு. சின்னவ எட்டிப் பாத்து, "குடுத்து வச்ச மவராசி. இருந்தப்ப ஒரு நல்லது கட்டல, போறப்பவாவது கட்டிக்கிட்டுப் போவட்டும்"னுச்சு. எல்லாருக்கும் சந்தோசம். ஒரு பொணத்தச் சுத்தி நின்னு சனங்க அப்புடிச் சந்தோசப்பட்டத நான் அதுக்கப்பறம் பாத்ததில்ல.

அப்ப எங்கம்மா வந்துச்சு. கைப்புள்ளையோட. "பச்ச ஒடம்புக்காரி எழவுக்கு வரக்கூடாதுடி"ன்னு ரெண்டு பொம்பளைங்க தடுத்தாங்க. தள்ளிட்டு வந்து தலமாட்டுல உக்காந்துச்சு. கூந்தல அவுத்து வுட்டுச்சு. ஒப்பாரியில பொம்பள என்ன சொன்னாலும் ஆம்பள எதுத்துப் பேசக்கூடாது, அது நம்ம வழக்கம். புருசனையும் சொல்லலாம், மாமனாரையும் சொல்லலாம், கேட்டுக்கிட்டுத்தான் நிக்கணும். எங்கம்மா அன்னிக்கு வேற எதையும் பாடல. அத்தையோட பாட்டத்தான் பாடுச்சு. எங்கப்பா மொகத்தப் பாத்துப் பாடுச்சு.

"பட்டு வேணாந் தம்பி, நம்ம பருத்திக்காட்டு நூலு போதும்."

எங்கப்பா சேலைய விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. கை அப்புடியே நின்னுருச்சு. அது அக்கா பாட்டுன்னு அவருக்குத் தெரியாம இருக்குமா? அக்கா அவர இடுப்புல தூக்கி வளத்தவ. அந்த இழுவைய வச்சே கண்டுபுடிச்சுருப்பாரு. நான் நெனச்சேன், மடிச்சுருவாரு, மடிச்சுக் கக்கத்துல வச்சிக்கிட்டு அரியலூருக்கு ஓடுவாருன்னு.

"என்னங்க நிக்கிறீங்க, போத்துங்க. பொழுது போவுது, மழ கட்டுது,"ன்னுச்சு சின்னவ.

ஊரு பாத்துக்கிட்டிருந்துச்சு. எங்கம்மா இன்னும் ஒசத்திப் பாடுச்சு. "சுட்டெரிச்ச சீமத் துணி என்னச் சுத்தி வரக் கூடாது." எங்கப்பா கண்ண மூடிக்கிட்டாரு. மூடிக்கிட்டே போத்திட்டாரு.

அந்தச் செவப்புக்குள்ள அத்த வேற யாரோ மாதிரி ஆயிருச்சு. ஒரு வாட்டிகூடப் பாக்காத எவளோ ஒருத்தி.

ஆத்தங்கரைச் சுடுகாடு. வெறவு ஈரம், புடிக்கவே இல்ல. சீமெண்ணெய ஊத்துனாங்க. மொதல்ல புடிச்சது அந்தச் சேலைதான். குப்புன்னு எரிஞ்சுச்சு. சுருண்டு, உருகி, மேலயே ஒட்டுச்சு. ஒரு மாதிரி நாத்தம். அரியலூருக் கடத்தெருவுல அன்னிக்கு அத்த கொளுத்துன நெருப்பும் இப்புடித்தான் நாறியிருக்கும்னு பெரியாளான பெறவு எனக்குத் தோணும். அப்பத் தோணல. அப்ப நான் எங்கப்பாவ மட்டும் பாத்தேன். அவரு நெருப்பப் பாக்கல. தெக்கால, பாலம் ஒடஞ்சு கெடந்த பக்கம் பாத்துக்கிட்டு நின்னாரு.

நீங்க கேப்பீங்க, அதுக்கப்பறம் மனசு மாறுனாரான்னு. கதையில அப்புடி மாறுவாங்க. எங்கப்பா மாறல. சாவுற வரைக்கும் பெருமையாச் சொல்லுவாரு. "எங்கக்காளுக்குப் போட்டேன் பாரு கோடி, இந்தப் பக்கத்துலயே எவன் போட்டிருக்கான்?" விருந்தாளி வந்தாச் சொல்லுவாரு. சிறுவாச்சூருக் காளி கோயில்ல பொங்க வைக்கையில பக்கத்து அடுப்புக்காரங்ககிட்ட சொல்லுவாரு. சொல்றப்பல்லாம் குரலு ஒரு எடத்துல இடறும், இருமிக்குவாரு. அவரு அந்தப் பேச்ச எடுத்தாலே எங்கம்மா எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் போயிடும். பருத்தி எடுக்குற காலத்துல மட்டும் கொஞ்சம் பஞ்ச எடுத்துத் தனியா வைக்கும். எதுக்குன்னு நாங்க கேட்டதில்ல. எங்கம்மா சாவுறப்ப எங்க தாய்மாமன் கதருதான் கொண்டாந்தாரு. முன்னாலயே அது கேட்டு வச்சிருந்துச்சு.

இப்ப ஏன் இதச் சொல்றேன்னா, போன மழைக்கு முன்னால பாடாலூருல ஒரு சாவு. நம்ம கூட்டாளி ஒருத்தரோட பொண்டாட்டி. ஒப்பாரிக்கு ஆளு கூட்டியாந்திருந்தாங்க, மைக்கு செட்டு, ஸ்பீக்கரு, எல்லாம். ஒரு பொம்பளப்புள்ள நல்ல கொரலா எடுத்துப் பாடுச்சு. நான் நாக்காலியில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். "ஆறு இன்னும் வத்தலியோ"ன்னு ஆரம்பிச்சதும் டீயக் கீழ வச்சிட்டேன். அத்த பாட்டு. அன்னிக்கு எங்கம்மா பாடுனத நடவுக்காரப் பொம்பளைங்க புடிச்சு, அவங்ககிட்டேருந்து எவ எவ வாயிலயோ ஏறி இத்தினி வருசம் கழிச்சு பாடாலூரு வந்து சேந்திருக்கு. கண்ணுல தண்ணி வந்துருச்சு.

ஆனா அடுத்து அந்தப் புள்ள பாடுனதக் கேளுங்க.

*பட்டு வரும் தம்பி கையில் – அது
பளபளன்னு மின்னி வரும்
சுட்டெரிக்கும் நெருப்புலயும் – என்னச்
சுத்தி வரும் சிங்காரமா*

முடிச்ச பெறவு கிட்டப் போனேன். "இந்தப் பாட்டு எங்க புடிச்ச பாப்பா?"

"செல்லுல கேட்டுப் புடிச்சது பெரியப்பா. ஏன், நல்லா இல்லீங்களா?"

"நல்லாத்தான் பாடுன. அந்தப் பட்டு வர்ற அடி அப்புடி இல்ல. பட்டு வேணாந் தம்பின்னு வரும். பருத்திக்காட்டு நூலு போதும்னு. எங்கத்த கட்டுனது. வெள்ளக்காரன் காலத்துல செயிலுக்குப் போனவ."

அந்தப் புள்ள என்னைய ஏற எறங்கப் பாத்துச்சு. பக்கத்துல பொட்டி வாசிக்கிறவன் சிரிச்சான். "பருத்தின்னா எவன் பெரியப்பா அழுவான்? பட்டுன்னாத்தான் சனம் அழுவுது, நோட்டு குத்துது."

புள்ள மட்டும் சிரிக்கல. "உங்கத்த பேரு என்னங்க?"ன்னுச்சு. சொன்னேன். தலைய ஆட்டிட்டு மைக்க எடுத்துக்கிச்சு. அடுத்த சாவுல எப்புடிப் பாடுச்சோ, எனக்குத் தெரியாது.

எனக்குக் காட்டுல வேலை இல்ல, எழுத்து தெரியாது, செல்லுல போடவும் தெரியாது. இருக்கறது இந்த ஆறு அடிதான். நீங்கல்லாம் இன்னும் பல சாவுக்குப் போவீங்க. நம்ம வயசுக்கு அதான போக்குவரத்து. எங்கயாவது அந்தப் பாட்டு கேட்டுச்சுன்னா, பட்டு வருதுன்னு எவளாவது பாடுனா, எந்திரிச்சுப் போயி அவ காதுல சொல்லுங்க. உங்களால எந்திரிக்க முடியலன்னா பேரப்புள்ளைவளுக்குச் சொல்லி வையுங்க. எங்கத்த மேல ஒருவாட்டி போத்துனது போதும், பாட்டுலயும் போத்த வேணாம்னு. பட்டு வேணாந் தம்பி. நம்ம பருத்திக்காட்டு நூலு போதும். அதச் சொல்லிருங்க.